பதினொன்றாம் வகுப்பில் ஆடை வடிவமைப்பு எடுக்கலாமா?

கரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், நன்றாகப் படம் வரைவாள், ஃபேஷன் டிசைனர் ஆக வேண்டும் என்கிறாள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’ என்ற தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதில் சேர்க்கலாமா, சேர்த்தால் பின்னால் நிஃப்ட் (மத்திய அரசின் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) மாதிரியான இடங்களுக்குப் போக முடியுமா, ‘தையல் கத்துக்க எதுக்கு ப்ளஸ் டூ’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது, இதுதான் கேள்வி.

நான் திருப்பூரில் சாம்பிள் பிரிவிலும் மெர்ச்சண்டைசிங்கிலும் (துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை) வேலை பார்த்துவிட்டு இப்போது கல்லூரியில் இதே துறையில் பாடம் எடுப்பவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கலாம். ஆனால் படம் வரைகிறாள் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்காதீர்கள். அவளுக்குத் துணி பிடிக்குமா என்று பாருங்கள். ஜவுளிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கலரை மட்டும் பார்க்கிறாளா, இல்லை துணியைத் தொட்டு, கசக்கி, திருப்பி, உள்பக்கத் தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாளா? பழைய சுடிதாரைப் பிரித்து வேறு ஏதாவது தைத்துப் பார்த்திருக்கிறாளா? இந்த ஆர்வம் இருந்தால் இரண்டு வருடமும் அவளுக்குத் திருவிழாதான். இது இல்லாமல் வரைவதில் மட்டும் ஆசை என்றால் கிராஃபிக்ஸ், அனிமேஷன், விளம்பரம் என்று அந்தத் திறமைக்கு நேராகப் பொருந்தும் வழிகள் இருக்கின்றன. அவளைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்து அலுப்பு ஏற்படுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாடத்தில் ஏறக்குறைய பாதி துணியைப் பற்றியது. இழை எங்கிருந்து வருகிறது, நூல் எப்படி ஆகிறது, நெசவு, பின்னல், சாயம், பிரிண்டிங், அதற்கப்புறம்தான் மெஷின், அளவெடுப்பு, பேட்டர்ன் (வெட்டுவதற்கான தாள் மாதிரி), வெட்டு, தையல், எம்பிராய்டரி எல்லாம். பல பிள்ளைகள் முதல் பாதியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள், தையல் பாதியில்தான் மனதைச் செலுத்துகிறார்கள். என் அனுபவத்தில் கம்பெனியில் ஒருவரை மேலே கொண்டுபோவது அந்த முதல் பாதிதான். தைக்கத் தெரிந்தவர்கள் திருப்பூரில் நிறைய. ஒரு துணியைக் கையில் வாங்கி இது துவைத்தால் என்ன ஆகும், இந்த டிசைனுக்குத் தாங்குமா என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஒரு சின்ன உதாரணம். துணி எந்த இழையில் ஆனது என்று கண்டுபிடிக்க எரித்துப் பார்ப்பதை இந்த வகுப்பில் சொல்லித் தருவார்கள். நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்ட வேண்டும். பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் மெத்தென்று சாம்பல் நிறத்தில் உதிரும். பட்டு மெதுவாகச் சுருண்டு எரியும், முடி கருகுகிற நாற்றம் வரும், நுனியில் கறுப்பாக உருளும், விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும், நசுக்க முடியாது. இதுவரை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். விஸ்கோஸ், அதாவது ரேயான் வந்தால் என்ன செய்வது? அதுவும் பருத்தி மாதிரியேதான் எரியும், ஏனென்றால் இரண்டுமே செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள். அங்கே வேறு வழி தேவை. நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து பட்டென்று அறுந்துவிடும். ‘காட்டன்’ என்று சொல்லி விற்கிற எத்தனையோ மலிவு நைட்டிகளை இப்படியே பிடிக்கலாம். இதை ஒரு பதினாறு வயதுப் பெண் தன் கையால் செய்து பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள்.

நூல் நம்பரும் அப்படித்தான். முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறது என்பதுதான் அந்த நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். இது புரிந்த பிள்ளைக்கு 60-ம் நம்பர் சட்டைத் துணி ஏன் விலை அதிகம், ஏன் மென்மையாக இருக்கிறது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

அதேபோல் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. பனியன் கம்பெனிகளில் இதற்கு வட்டமாக வெட்டும் ஒரு கட்டர் வைத்திருப்பார்கள், சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். வெட்டிய வட்டத்தை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.6 கிராம் வந்தால் 160. பள்ளியில் கட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் கத்தரிக்கோலால் கவனமாக வெட்டி, அறிவியல் லேபில் இருக்கும் தராசில் போட்டாலே போதும். சுருக்கம் பார்ப்பது இன்னும் சுலபம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். 47.5 வந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள டி-சர்ட்டில் அது மூன்றரை சென்டிமீட்டர், போட்டவருக்கு இடுப்பு தெரியும். இதைக் கவனிக்காமல் வெட்டிய ஆர்டர்கள் திரும்பி வந்து கம்பெனிகள் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். தையல் கற்றுக்கொள்ள ப்ளஸ் டூ தேவையில்லை என்பது உண்மைதான். நல்ல டெய்லர் ஒருவரிடம் ஆறு மாதம் உட்கார்ந்தால் ஜாக்கெட் தைக்க வந்துவிடும். அவர்களின் கைத்திறமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன், என் மாணவிகளை லீவில் அப்படி ஒருவரிடம் போய்க் கற்கச் சொல்பவள் நான். ஆனால் அங்கே ‘இவ்வளவு விட்டு வெட்டு’ என்று பழக்கமாக வரும், ஏன் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. பள்ளியில் அந்த ‘ஏன்’ கிடைக்க வேண்டும்.

உதாரணத்துக்கு டார்ட், அதாவது ஆடை உடம்போடு பொருந்தத் துணியை மடித்துப் போடும் தையல். மார்பளவு 34 அங்குலம், இடுப்பளவு 28 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கால் பகுதியிலும் ஒன்றரை அங்குலத்தை எங்காவது ஒளித்தாக வேண்டும். கொஞ்சம் பக்கத் தையலில் போகும், மீதி டார்ட்டில் போகும். நெய்த துணி நீளாது, அதனால் உடம்பின் வளைவுக்கு இந்த மடிப்பு வேண்டும். பனியன் துணி பின்னல், அது தானே இழுத்துக்கொடுக்கும், அதனால்தான் டி-சர்ட்டில் டார்ட் வைப்பதில்லை. அதே காரணத்தால்தான் பனியன் துணியைச் சாதாரண நேர்த்தையலில் தைத்தால் தலைவழியாகப் போடும்போது பட்பட்டென்று நூல் அறுகிறது, துணியோடு சேர்ந்து நீளும் தையல் போடும் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்கள் அங்கே வேண்டியிருக்கிறது. பாருங்கள், ஒரே ஒரு விஷயம், துணி நீளுமா நீளாதா என்பது, பேட்டர்னில் ஆரம்பித்து மெஷின் வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

கணக்கு வராது என்பதற்காகத் தொழிற்கல்விக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. இங்கே கணக்கு வேறு உருவத்தில் வந்து நிற்கும். முழு வட்டப் பாவாடை, கடையில் அம்ப்ரெல்லா கட் என்பார்களே, அதை வெட்ட இடுப்புக்கான வட்டத்தின் ஆரம் தெரிய வேண்டும். இடுப்பு 26 அங்குலம் என்றால் 6.28-ஆல் வகுத்து 4.14. பத்தாம் வகுப்பில் படித்த அதே சூத்திரம். வெட்டி இடுப்புப் பட்டியும் வைத்தபின் உடனே கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கக் கூடாது, ஒரு நாள் தொங்கவிட வேண்டும். வட்டத்தில் சில இடங்களில் இழை நேராக விழும், சில இடங்களில் கிராஸாக (சாய்வாக) விழும், கிராஸாக விழுந்த இடம் தன் பாரத்திலேயே இறங்கும். தொங்கவிட்டு, இறங்கியதை வெட்டிச் சமப்படுத்திய பிறகுதான் மடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தைத்த பாவாடை இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் நீண்டு தொங்கும்.

சரி, மேற்படிப்பு. இங்கேதான் பெற்றோர்கள் நிறையக் குழம்புகிறார்கள்.

நிஃப்ட் 1986-ல் டெல்லியில் தொடங்கப்பட்டது, சென்னை வளாகம் தரமணியில் 1995-லிருந்து இருக்கிறது. அங்கே வடிவமைப்புப் பட்டப்படிப்பான பி.டெஸ். படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் போதும். ஆடை வடிவமைப்பு எடுத்தவர்களுக்குத் தனிச் சலுகையும் கிடையாது, எடுக்காதவர்களுக்குத் தடையும் கிடையாது. நுழைவுத் தேர்வுதான் முடிவு செய்யும். அதில் படைப்புத் திறன் தேர்வுக்கு 50 சதவீதம், பொதுத் திறன் தேர்வுக்கு 30, கையில் பொருட்களைக் கொடுத்து ஒரு மாதிரியைச் செய்யச் சொல்லும் தேர்வுக்கு 20. கடைசித் தேர்வில் இந்தப் பாடம் படித்த பிள்ளைக்குக் கை தயங்காது, அது ஒரு நல்ல பலன். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை என்றால் பதினொன்றிலேயே ஆங்கில வாசிப்பைத் தொடங்க வேண்டும், பன்னிரண்டின் கடைசியில் தொடங்கினால் மூச்சு முட்டும். கட்டணமும் பெரிது, ஒரு பருவத்துக்கே லட்சத்தைத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித் திட்டம் உண்டு, அதை விசாரிக்காமல் ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று விட்டுவிடாதீர்கள்.

அதே நிஃப்ட்டில் ஆடை உற்பத்திக்கான பி.எஃப்.டெக். படிப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் கேட்பார்கள். பி.டெக். டெக்ஸ்டைல், பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி என்று அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் இருப்பவற்றுக்கும் அடிப்படை கணிதப் பிரிவுதான். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனியாக இடங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றாவது படித்திருக்க வேண்டும். ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பிரிவோடு வேறு என்ன பாடம் தருகிறீர்கள் என்பது. இது பள்ளிக்குப் பள்ளி மாறும். மனையியல் மட்டும்தான் என்றால் பொறியியல் பக்கக் கதவு சாத்தப்பட்டது என்று தெரிந்துகொண்டு சேருங்கள். தெரிந்து சேர்ந்தால் தப்பில்லை, தெரியாமல் சேர்ந்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அழுகிறார்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்தப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கு மிக இயல்பாகப் பொருந்துவது பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவை, திருப்பூர் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1997-ல் பின்னலாடைக்கென்றே தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதால் சொல்கிறேன், அதுவும் மத்திய அரசின் நிஃப்ட்டும் வேறு வேறு. தறி, நெசவு பிடித்த பிள்ளை என்றால் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மூன்று வருட டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. அதாவது உங்கள் மகள் இப்போதே நினைத்தால்கூடப் போகலாம், பலருக்கு இது தெரிவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து படித்தவள் என்றால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சிபிஎஸ்இ பள்ளியில் படிப்பவர்களுக்கு இதே மாதிரி ‘ஃபேஷன் ஸ்டடீஸ்’, ‘டெக்ஸ்டைல் டிசைன்’ என்ற திறன் பாடங்கள் பதினொன்று, பன்னிரண்டில் உண்டு. அவற்றை மற்ற பாடங்களோடு கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கணிதத்தை விட வேண்டிய கட்டாயம் இல்லை.

நீங்கள் கரூர் என்றதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, காரணம் சொல்கிறேன். ஃபேஷன் என்றதும் எல்லார் மனதிலும் கவுனும் லெஹங்காவும்தான் வருகிறது. உங்கள் ஊர் பெட்ஷீட், திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊர். அங்கேயும் டிசைனர் வேண்டும். எந்தக் கலர் நூலை எத்தனை இழை பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஓட்டினால் எந்தக் கட்டம் வரும் என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க வடிவமைப்பு வேலை. மகளை ஒரு லீவு நாளில் தறி ஓடும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பவானியில் ஜமுக்காளம், சென்னிமலையில் போர்வை, எல்லாம் எட்டும் தூரம்தான். பாவு, குறுக்கே ஓடும் ஊடை நூல், அதைக் கொண்டுபோகும் நாடா, இதெல்லாம் புத்தகத்தில் வெறும் படமாக இருக்கும். ஊடை நூல் கலர் மாறும்போது பட்டை எப்படி விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் அப்புறம் அவள் வரையும் கோடுகளே மாறிவிடும்.

சாயப் பாடத்தையும் உங்கள் ஊர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற நிறைய உப்பு தேவை, அந்த உப்பு சாயக் கழிவோடு வெளியே வரும், அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது செலவு பிடித்த வேலை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போன கதை அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது, அது நடக்காததால்தான் அந்த உத்தரவு. ஒரு டிசைனர் அடர் கறுப்பையும் கருநீலத்தையும் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு போகிறது என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பதினாறு வயதிலேயே மனதில் பதிந்தால் நல்லது.

வேலையைப் பற்றியும் கேட்பீர்கள். சினிமாவில் பார்க்கிற மாதிரி சொந்தப் பெயரில் பிராண்டு, மேடையில் கைதட்டல், அது மிகச் சிலருக்கு. பெரும்பாலோருக்கு வேலை இருக்கும் இடங்கள் வேறு. மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், கணினியில் பேட்டர்ன் போடுபவர், தர ஆய்வாளர், துணி கொள்முதல், சாம்பிள் பிரிவு. மெர்ச்சண்டைசர் வேலைக்கு பையர் எழுதும் ஆங்கில மின்னஞ்சலைச் சரியாகப் புரிந்துகொண்டு பதில் எழுதத் தெரிய வேண்டும், எக்செல் தெரிய வேண்டும், சாயப்பட்டறைக்காரரிடமும் தையல் லைனிலும் தமிழில் பேசி வேலை வாங்கத் தெரிய வேண்டும். அங்கே ஃபேஷன் படம் யாரும் கேட்பதில்லை. முன்பக்கம், பின்பக்கம் தட்டையாக வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் அளவு எழுதி, என்ன தையல், என்ன நூல், என்ன பட்டன் என்று குறித்த தாள்தான் கேட்பார்கள். அதை வரையவும் கோடு சுத்தமாக இருக்க வேண்டும், ஆக அவள் வரையும் கை வீண் போகாது. ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. துணி தெரிந்தவர்கள் சில வருடங்களில் வேகமாக மேலே போகிறார்கள். பையன்களும் இந்தப் பிரிவில் தாராளமாகச் சேரலாம், திருப்பூரில் கட்டிங் மாஸ்டர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான், பள்ளிகள் ஏன் இதைப் பெண்களுக்கான பாடமாகவே பார்க்கின்றன என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

சேர்ந்துவிட்டால் இரண்டு வருடமும் அவள் ஒரு துணி நோட்டு வைத்துக்கொள்ளட்டும். கிடைக்கும் ஒவ்வொரு வெட்டுத் துணியையும் உள்ளங்கை அளவுக்கு ஒட்டி, என்ன இழை, என்ன நெசவு, துவைத்ததும் என்ன ஆனது என்று பக்கத்தில் எழுத வேண்டும். டெய்லர் கடைகளில் கேட்டால் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள். சரியாக வராத தையல் மாதிரிகளையும் தூக்கிப் போடாமல் அதிலேயே ஒட்டி, எங்கே கோணியது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். கல்லூரி நேர்காணலில் பளபளப்பான ஓவியங்களை விட இப்படி ஒரு நோட்டைத்தான் நான் உட்கார்ந்து புரட்டிப் பார்ப்பேன்.

தனியார் ‘ஃபேஷன் டிப்ளமோ’ விளம்பரங்கள் உங்கள் கண்ணில் படும். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பின் பெயரில் வருகிறது என்று எழுத்தில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது, சேர்க்கைக்கு முன் மகளோடு அந்தப் பள்ளிக்கு ஒரு தடவை நேரில் போங்கள். செய்முறை அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷின்களில் நூல் கோத்திருக்கிறதா, தூசி படிந்து கிடக்கிறதா, வெட்ட அகலமான மேசை இருக்கிறதா, பாடத்துக்கென்று நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, போன வருடப் பிள்ளைகளின் செய்முறை நோட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியர் ஆர்வமாக நோட்டுகளை எடுத்துக் காட்டினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அறையே பூட்டிக் கிடந்து சாவியைத் தேடினார்கள் என்றால், கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் சேர்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் வீட்டுப் பக்கத்து டெய்லரிடம் அனுப்புங்கள். நிஃப்ட் பி.டெஸ்., பி.எஃப்.டெக்., பி.டெக்., பி.எஸ்சி. எல்லாமே அவளுக்குத் திறந்திருக்கும், துணி நோட்டை அந்த வழியிலும் வைத்துக்கொள்ளலாம். தொழிற்கல்விப் பிரிவுகளில் இடம் குறைவு, அதனால் பார்க்கப் போவதை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.